வாக்குத் தவறும் தேர்வாளர்: அமெரிக்க அதிபர் தேர்தலில் எந்தச் சீர்திருத்தத்தை ஆதரிப்பது?

2004 டிசம்பர் 13. மின்னசோட்டா மாநிலத் தலைநகர் செயின்ட் பாலில் பத்துத் தேர்வாளர்கள், அதாவது மக்களின் ஓட்டுக்குப் பிறகு மாநிலத்தின் சார்பில் அதிபருக்கு வாக்களிப்பவர்கள், கூடினார்கள். அந்த மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் கெர்ரி வென்றிருந்தார். பத்துப் பேருமே அவருடைய கட்சிக்காரர்கள். ஆளுக்கொரு சீட்டில் அதிபர் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் ஒன்பதில் கெர்ரி. பத்தாவதில் துணை அதிபர் வேட்பாளர் ஜான் எட்வர்ட்ஸின் பெயர், அதுவும் ஓர் எழுத்து விடுபட்டு, 'எவர்ட்ஸ்' என்று இருந்தது. சீட்டில் எழுதியவர் பெயர் கிடையாது. 'நான்தான் எழுதினேன்' என்று பத்துப் பேரில் ஒருவரும் சொல்லவில்லை. சுமார் 14 லட்சம் மின்னசோட்டாக்காரர்கள் கெர்ரிக்கு வாக்களித்திருந்தார்கள். அவர்கள் ஈட்டித் தந்த பத்தில் ஒன்று, யார் கையால் போனது என்றே தெரியாமல் போனது. கெர்ரியின் கணக்கு 252க்குப் பதிலாக 251 என்று பதிவானது.

அமெரிக்கக் குடியுரிமை பெற்று அங்கே வாக்களிக்கும் தமிழ் நண்பர்கள் சில ஆண்டுகளாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களுடைய மாநிலச் சட்டமன்றத்தில் தேர்வாளர் முறையைத் திருத்த ஏதாவது ஒரு மசோதா வருகிறது. ஆதரித்துக் கடிதம் எழுதச் சொல்லி ஒரு தரப்பு கேட்கிறது, எதிர்க்கச் சொல்லி இன்னொரு தரப்பு. எதை ஆதரிப்பது?

தமிழில் 'வாக்கு' என்ற ஒரே சொல் ஓட்டையும் குறிக்கிறது, கொடுத்த சொல்லையும் குறிக்கிறது. இந்த விவாதம் முழுவதும் அந்த இரண்டு பொருளுக்கும் நடுவில்தான் நடக்கிறது. ஒவ்வொரு திட்டத்தையும் பார்க்கும்போது 'இது யாருடைய வாக்குறுதியை நம்பி நிற்கிறது?' என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும்

அமெரிக்கர்கள் நவம்பரில் போடும் ஓட்டு, சட்டப்படி, வேட்பாளருக்கு நேரடியாகப் போவதில்லை. அவருக்காக நிற்கும் தேர்வாளர்களுக்குப் போகிறது. மொத்தம் 538 தேர்வாளர்கள். 270 பேர் கிடைத்தவர் அதிபர். தேர்வாளர்களை எந்த முறையில் நியமிப்பது என்பதை அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவு மாநிலச் சட்டமன்றங்களின் கையில் விட்டிருக்கிறது. டிசம்பரில் அவரவர் மாநிலத்தில் கூடி வாக்களித்த பிறகே அதிபர் தேர்வாகிறார்.

ஆகவே கேள்விகள் இரண்டு. ஒன்று, நியமிக்கப்பட்ட தேர்வாளர் தன் விருப்பப்படி வாக்களிக்கலாமா? இரண்டு, ஒரு மாநிலத்தின் தேர்வாளர்களை எந்தக் கணக்கில் யாருக்கு ஒதுக்குவது? முதலாவதைச் சரிசெய்தால் இரண்டாவதும் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. 2016இல் ஹில்லாரி கிளிண்டன் சுமார் 29 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியும் தோற்றதற்கு, வாக்குத் தவறிய தேர்வாளர்கள் காரணமில்லை. ஒதுக்கீட்டு முறையே காரணம்: பெரும்பாலான மாநிலங்களில் அங்கே வென்றவருக்கே எல்லாத் தேர்வாளர்களும்.

## எடைபோடும் அளவுகோல்கள்

நான் நான்கு அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன்.

- நீதிமன்றத்தில் நிற்குமா? தேர்தல் முடிந்த பிறகு செல்லாது என்று ஆகிற சட்டம், சட்டமே இல்லாததைவிட ஆபத்தானது.
- யார் சம்மதிக்க வேண்டும்? ஒரு சட்டமன்றம் போதுமா, முப்பத்தெட்டு வேண்டுமா?
- நாட்டு மக்கள் போட்ட ஓட்டுக்கும் வெளிவரும் முடிவுக்கும் பொருத்தம் கூடுமா?
- நெருக்கடி நாளில் தாங்குமா? வேட்பாளர் இறந்தால், வித்தியாசம் மிகக் குறைவாக இருந்தால், ஒரு மாநிலம் முரண்டு பிடித்தால் என்ன ஆகும்?

| திட்டம் | யார் சம்மதம் | நீதிமன்றச் சோதனை |
|---|---|---|
| தேர்வாளருக்குச் சுதந்திரம் | எதுவும் வேண்டாம் | உரிமையாகக் கேட்டுத் தோற்றது, 2020 |
| கட்டுப்படுத்தும் சட்டம் | ஒரு மாநிலம் | வென்றது, 1952 மற்றும் 2020 |
| தொகுதி முறை | ஒரு மாநிலம் | வென்றது, 1892 |
| விகிதாசார ஒதுக்கீடு | ஒரு மாநிலம் | பெரிய தடை தெரியவில்லை |
| மாநிலங்களின் உடன்படிக்கை | 270 தேர்வாளர்களைக் கொண்ட மாநிலங்கள் | இன்னும் நடக்கவில்லை |
| அரசியலமைப்புத் திருத்தம் | காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றம்) மூன்றில் இரு பங்கு, 38 மாநிலங்கள் | தேவைப்படாது |

## தேர்வாளரைச் சுதந்திரமாக விடுவது

அரசியலமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டன் 1788இல் எழுதியது இந்தத் தரப்பின் ஆதாரம்: விவரம் அறிந்த சிலர் கூடி, ஆராய்ந்து, தகுதியானவரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது அவர் எண்ணம். நடைமுறை சில ஆண்டுகளிலேயே வேறு திசையில் போய்விட்டது. 1796இல் பென்சில்வேனியாவின் சாமுவேல் மைல்ஸ், ஜான் ஆடம்ஸுக்குப் போடுவார் என்று நம்பித் தேர்ந்தெடுக்கப்பட்டு, தாமஸ் ஜெஃபர்சனுக்குப் போட்டார். கொதித்துப்போன ஒரு வாக்காளர் பத்திரிகைக்கு எழுதினார்: நான் அவரைத் தேர்ந்தெடுத்தது செயல்படுவதற்கு, சிந்திப்பதற்கு இல்லை.

நம் வாசகர்களுக்கு இங்கே இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல் நினைவுக்கு வரும். அங்கே எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் ரகசியமாக வாக்களிக்கிறார்கள்; கொறடா உத்தரவு பொருந்தாது. 1969இல் இந்திரா காந்தி மனசாட்சிப்படி வாக்களிக்கச் சொன்னதும், காங்கிரஸ் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டியை வி.வி. கிரி வென்றதும் தெரிந்த கதை. ஆனால் அந்த வாக்காளர்கள் மக்கள் முகம் தெரிந்து தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள். அடுத்த தேர்தலில் மக்களிடமே திரும்பி வர வேண்டியவர்கள். அமெரிக்கத் தேர்வாளரின் பெயர் பல மாநிலங்களில் வாக்குச் சீட்டில்கூட இருப்பதில்லை. ஒரு நாள் வேலை, பிறகு வீட்டுக்குப் போய்விடுவார். யாரிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லாத ஒருவரின் மனசாட்சியிடம் ஒரு மாநிலத்தின் முடிவை ஒப்படைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்கு ஆதரவாக ஒரே ஒரு நல்ல வாதம் இருக்கிறது: வேட்பாளர் இறந்துபோவது. 1872இல் ஹோரஸ் கிரீலி தேர்தலுக்குப் பின், தேர்வாளர்கள் கூடுவதற்கு முன், காலமானார். அவருடைய 66 தேர்வாளர்களில் 63 பேர் வேறு பெயர்களுக்கு வாக்களித்தார்கள். மூன்று பேர் மட்டும் இறந்தவருக்கே போட, அந்த மூன்றையும் எண்ணக் காங்கிரஸ் மறுத்தது. அன்று தேர்வாளர்களுக்குச் சுதந்திரம் இருந்தது நல்லதாகவே போயிற்று.

## தேர்வாளரைச் சட்டத்தால் கட்டுவது

2016இல் வாஷிங்டன் மாநிலத்தில் கிளிண்டனுக்கு வாக்களிக்க வேண்டிய மூன்று பேர் குடியரசுக் கட்சியின் காலின் பவலுக்குப் போட்டார்கள். குடியரசுக் கட்சித் தேர்வாளர்களையும் அந்தப் பெயரின் பக்கம் இழுத்து, டிரம்ப்புக்கு 270 கிடைக்காமல் செய்வது அவர்களுடைய நம்பிக்கை. அது நடக்கவில்லை, மாநிலம் ஆளுக்கு 1,000 டாலர் அபராதம் போட்டது. கொலராடோவில் ஒருவர் கிளிண்டன் பெயரை அடித்துவிட்டு ஜான் கேசிக் என்று எழுதினார். அங்கே நடவடிக்கை வேறு. அவருடைய சீட்டைச் செல்லாது என்று ஒதுக்கி, அவரை நீக்கி, வேறொருவரை அமர்த்தினார்கள்.

இரண்டு வழக்குகளும் உச்ச நீதிமன்றம் போயின. 2020 ஜூலை 6 அன்று, சியஃபாலோ வழக்கில், நீதிபதிகள் ஒருமனதாக மாநிலங்களின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். நியமிக்கும் அதிகாரத்துக்குள் நிபந்தனை விதிக்கும் அதிகாரமும் அடக்கம், நிபந்தனையை மீறினால் தண்டிக்கும் அதிகாரமும் அடக்கம் என்று நீதிபதி எலெனா கேகன் எழுதினார். முடிவில் உடன்பட்ட கிளாரன்ஸ் தாமஸ் வேறு வழியில் அங்கே வந்தார்: அரசியலமைப்பு எதையும் சொல்லாத இடத்தில் அதிகாரம் மாநிலங்களுக்கே என்பது அவர் வாதம். உறுதிமொழி வாங்கலாம் என்று 1952இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மீறினால் என்ன செய்யலாம் என்பதற்கு விடை வர 68 ஆண்டுகள் ஆயின.

மசோதாவைப் படிக்கும்போது கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 'கட்டுப்படுத்தும் சட்டம்' என்ற ஒரே பெயரில் மூன்று வேறுபட்ட சட்டங்கள் இருக்கின்றன. சிலவற்றில் உறுதிமொழி மட்டும். மீறினால் ஒன்றும் இல்லை. சிலவற்றில் அபராதம், ஆனால் தவறிய வாக்கு செல்லும். சிலவற்றில்தான் வாக்கு ரத்தாகி மாற்று ஆள் வருவார். தீர்ப்பு வந்த நேரத்தில் 32 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் உறுதிமொழிச் சட்டம் வைத்திருந்தன. அவற்றில் 15 மாநிலங்களில்தான் ஏதாவது ஒரு தண்டனை இருந்தது. அபராதத்தால் பயனில்லை என்பதற்கு வாஷிங்டன் மாநிலமே சாட்சி: ஆயிரம் டாலர் அபராதம் போட்ட பிறகும் பவல் பெயரில் மூன்று வாக்கு அதிகாரபூர்வக் கணக்கில் ஏறின. 2019இல் அந்த மாநிலம் அபராதத்தைக் கைவிட்டு ரத்து முறைக்கு மாறியது.

மின்னசோட்டாவும் பாடம் கற்றுக்கொண்டது. மாநிலச் சட்டங்களை ஒரே சீராக்கும் ஆணையம் 2010இல் தயாரித்த மாதிரிச் சட்டத்தை 2015இல் ஏற்றது. அதன்படி தேர்வாளர் தன் சீட்டைக் காட்டிக் கொடுக்க வேண்டும். மாற்றி எழுதியிருந்தால் அந்த நொடியே பதவி விலகியதாகப் பொருள். 2016 டிசம்பரில் ஒரு தேர்வாளர் பெர்னி சாண்டர்ஸ் பெயரை எழுதிக் கொடுத்தார். மாற்றுத் தேர்வாளர் அவர் இடத்துக்கு வந்தார், பத்தும் கிளிண்டனுக்குச் சென்றன. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் யார் என்றே தெரியாமல் போன வாக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறைந்திருக்கும் செலவு கிரீலி போன்ற நிலைமை. இறந்த வேட்பாளருக்கே வாக்களிக்கும்படி மாநிலங்கள் கட்டாயப்படுத்தலாம் என்று தன் தீர்ப்பைப் படிக்கக் கூடாது என்று நீதிமன்றம் அடிக்குறிப்பில் சொன்னது. ஆனால் அதைத் தெளிவாக எழுத வேண்டியது சட்டமன்றம். உங்கள் மசோதாவில் இறப்புக்கான விதிவிலக்கு இல்லையென்றால், அதைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று, 2022 டிசம்பரில் நிறைவேறிய தேர்வாளர் வாக்கு எண்ணிக்கைச் சீர்திருத்தச் சட்டம், தேர்வாளர் நியமனம் தேர்தல் நாளுக்கு முன் இயற்றிய மாநிலச் சட்டப்படியே நடக்க வேண்டும் என்கிறது. நவம்பருக்குப் பிறகு அவசரமாக எதையும் மாற்ற முடியாது.

## தொகுதி முறை

மேய்ன் 1972 தேர்தல் முதலும், நெப்ராஸ்கா 1992 முதலும் இப்படிச் செய்கின்றன. காங்கிரஸ் தொகுதி ஒவ்வொன்றிலும் வென்றவருக்கு ஒரு தேர்வாளர், மாநிலம் முழுவதிலும் வென்றவருக்கு இரண்டு. மிஷிகன் இதையொத்த முறையைக் கொண்டுவந்தபோது 1892இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. எனவே சட்டச் சிக்கல் இல்லை. 2008இல் நெப்ராஸ்காவின் ஒமாஹா தொகுதி ஒபாமாவுக்குப் போனது போன்ற நிகழ்வுகள் கேட்க அழகாக இருக்கும்.

இரண்டு சிறிய மாநிலங்களில் இது நன்றாக இருக்கிறது என்பதற்காக நாடு முழுவதும் பரப்பினால் விளைவு கசக்கும். காங்கிரஸ் தொகுதி எல்லைகளை வரைவது பெரும்பாலும் மாநிலத்தில் ஆளும் கட்சி. தனக்குச் சாதகமாகக் கோடு கிழிக்கும் அந்தப் பழக்கம் அப்படியே அதிபர் தேர்தலுக்குள்ளும் நுழைந்துவிடும். 2012இல் ஒபாமா சுமார் 50 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். அதே ஓட்டுகளை எல்லா மாநிலத்திலும் தொகுதி வாரியாக எண்ணியிருந்தால் மிட் ராம்னி அதிபராகியிருப்பார். நான் எடைபோட்டவற்றில் இதுவே மிக மோசமானது. உங்கள் மாநிலத்தில் இப்படி ஒரு மசோதா வந்தால், எந்தக் கட்சி கொண்டுவந்தாலும் எதிர்த்து எழுதுங்கள்.

## விகிதாசார ஒதுக்கீடு

ஒரு மாநிலத்தில் 60 சதவீதம் வாங்கியவருக்கு 60 சதவீதத் தேர்வாளர்கள். நியாயமாகத் தெரிகிறது. 1950இல் இப்படிப்பட்ட ஒரு திருத்தம் செனட்டில் 64க்கு 27 என்று நிறைவேறி, பிரதிநிதிகள் சபையில் விழுந்தது. 2004இல் கொலராடோ மக்களே வாக்கெடுப்பில் இதை நிராகரித்தார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே: ஒரு மாநிலம் மட்டும் தன் தேர்வாளர்களைப் பிரித்துக் கொடுத்தால், பிரிக்காத மாநிலங்களுக்கு முன் அதன் எடை குறைந்துபோகும்.

எல்லா மாநிலமும் செய்தால் வேறு ஆபத்து. 1992இல் மூன்றாவது வேட்பாளர் ராஸ் பெரோ சுமார் 19 சதவீதம் வாங்கினார். தேர்வாளர் ஒருவரும் கிடைக்கவில்லை. விகிதாசாரம் இருந்திருந்தால், 43 சதவீதம் பெற்ற பில் கிளிண்டன் 270ஐத் தொட்டிருக்க மாட்டார். அப்படி யாரும் தொடாவிட்டால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போகும். அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு: கலிஃபோர்னியாவுக்கும் ஒன்று, மக்கள்தொகை மிகக் குறைந்த வயோமிங்குக்கும் ஒன்று. நியாயத்தைத் தேடிப் போய் இன்னும் பெரிய அநியாயத்தில் விழுவோம்.

## மாநிலங்களின் உடன்படிக்கை

நண்பர்கள் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். மாநிலத்துக்குள் யார் வென்றாலும், நாடு முழுவதும் அதிக ஓட்டு வாங்கியவருக்கே எங்கள் தேர்வாளர்கள் எல்லாரும் என்று மாநிலங்கள் தமக்குள் ஒப்புக்கொள்வது. சேர்ந்த மாநிலங்களின் கூட்டுத்தொகை 270ஐ எட்டும்போது உயிர்பெறும். 2007இல் மேரிலாந்து தொடங்கியது. நம்மவர்கள் நிறைய வாழும் நியூ ஜெர்சி 2008இல் சேர்ந்தது. 2024 ஏப்ரலில் மேய்ன் சேர்ந்தபோது 17 மாநிலங்களும் தலைநகரும் சேர்ந்து 209 ஆனது.

சட்ட விவாதம் இங்கேதான் கடுமை. மாநிலங்கள் தமக்குள் உடன்படிக்கை செய்யக் காங்கிரஸின் சம்மதம் வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் முதல் பிரிவு. ஆனால் எல்லா உடன்படிக்கைக்கும் வேண்டியதில்லை, மத்திய அரசின் மேலாதிக்கத்தைக் குறைத்து மாநிலங்களின் பலத்தைக் கூட்டுகிறவற்றுக்கே வேண்டும் என்று 1893இலும் 1978இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆதரிப்பவர்கள் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள்: தேர்வாளர் நியமனம் ஏற்கெனவே மாநிலத்தின் அதிகாரம், புதிதாக எதையும் பறிக்கவில்லை. எதிர்ப்பவர்கள், சேராத மாநிலங்களின் தேர்வாளர்கள் பெயரளவுக்கு ஆகிவிடுகிறார்களே, அது அவர்களுடைய பலத்தைப் பறிப்பதில்லையா என்கிறார்கள். சியஃபாலோ தீர்ப்பை இரு தரப்பும் எடுத்துக்காட்டுகின்றன. நியமிக்கும் அதிகாரம் மிகப் பரந்தது என்பது அதில் இருக்கிறது. அந்த அதிகாரம் அரசியலமைப்பின் மற்ற விதிகளுக்கு உட்பட்டது என்பதும் இருக்கிறது.

நீதிமன்றத்தைத் தாண்டியும் சிக்கல்கள் உண்டு. நாடு தழுவிய மறு எண்ணிக்கைக்குச் சட்டமே இல்லை. 2000இல் ஃபுளோரிடாவின் 537 ஓட்டு வித்தியாசத்துக்கு நாடு எவ்வளவு தவித்தது! மேய்ன் மாநிலத்தில் முன்னுரிமை வரிசைப்படி வாக்களிக்கிறார்கள். அங்கே எந்தச் சுற்றின் எண்ணிக்கையை நாட்டுக் கணக்கில் சேர்ப்பது? 2021இல் வட டகோட்டா செனட், தேர்வாளர்கள் வாக்களித்து முடிக்கும்வரை மாநிலத்தின் ஓட்டு எண்ணிக்கையை வெளியிடாமல் வைக்கும் மசோதாவையே நிறைவேற்றியது. அந்த வடிவில் அது சட்டமாகவில்லை. ஆனாலும் முரண்டு பிடிக்க ஒரு மாநிலத்துக்கு எத்தனை எளிய வழி இருக்கிறது என்பதை அது காட்டிவிட்டது.

என்னை உறுத்துவது இன்னொன்று. 2024இல் டொனால்ட் டிரம்ப் நாட்டளவில் அதிக ஓட்டு வாங்கினார். உடன்படிக்கை அன்று நடைமுறையில் இருந்திருந்தால் கலிஃபோர்னியாவின் 54 தேர்வாளர்களும் அவருக்குப் போயிருக்க வேண்டும். உள்ளூரில் பெரிதாகத் தோற்றவருக்குத் தன் தேர்வாளர்களைக் கொடுக்கும் அந்த டிசம்பர் மாதத்தில், ஒரு சட்டமன்றம் சொன்ன சொல்லில் நிற்குமா? தேர்தல் ஆண்டின் ஜூலை 20க்குப் பிறகு விலகினால் செல்லாது என்று உடன்படிக்கையில் விதி இருக்கிறது. ஆனால் அந்த விதியை மீறும் மாநிலத்தை யார், எந்த நீதிமன்றத்தில், எத்தனை நாளில் கட்டுப்படுத்துவது? தனிமனிதர் வாக்குத் தவறினால் மாற்று ஆளை உட்கார வைக்கலாம். மாநிலமே வாக்குத் தவறினால் அதன் இடத்தில் யாரை உட்கார வைப்பது?

இதைச் சொல்லிவிட்டும் நான் உடன்படிக்கையை எதிர்க்கச் சொல்லவில்லை. மக்களின் ஓட்டு சமமாக எண்ணப்பட வேண்டும் என்ற அளவுகோலில் அது தெளிவாக முந்துகிறது. இன்று வயோமிங்கில் சுமார் 1.9 லட்சம் பேருக்கு ஒரு தேர்வாளர். கலிஃபோர்னியாவில் சுமார் 7.3 லட்சம் பேருக்கு ஒருவர். அந்த வேறுபாட்டை அர்த்தமற்றதாக்க, அரசியலமைப்பைத் தொடாமல் எட்டக்கூடிய வழி இது ஒன்றே. ஒரு கட்சிக்கே இது நிரந்தர லாபம் என்பதும் சரியில்லை. 2004இல் ஒஹாயோவில் மட்டும் சுமார் 1.19 லட்சம் ஓட்டு வித்தியாசத்தைக் கெர்ரி தாண்டியிருந்தால், நாட்டளவில் 30 லட்சம் முந்தியிருந்த புஷ் தோற்றிருப்பார். என் நிபந்தனை ஒன்றுதான்: காங்கிரஸின் சம்மதத்தை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். 270 எட்டிய பிறகு வழக்கில் தெரிந்துகொள்ளலாம் என்பது ஒரு நாட்டை வைத்து ஆடும் சூதாட்டம்.

## அரசியலமைப்புத் திருத்தம்

யாருடைய வாக்குறுதியையும் நம்பி நிற்காதது இது மட்டுமே. கிட்டத்தட்ட ஒரு முறை நடந்தும்விட்டது. 1968இல் மூன்றாவது வேட்பாளர் ஜார்ஜ் வாலஸ் தன் தேர்வாளர்களை வைத்துப் பேரம் பேசுவார் என்ற பயம் இரு கட்சியையும் உலுக்கியது. 1969 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபை, தேர்வாளர் முறையையே ஒழிக்கும் திருத்தத்தை 338க்கு 70 என்று நிறைவேற்றியது. 1970இல் செனட்டில் முடிவில்லாமல் பேசிப் பேசியே அதைத் தடுத்தார்கள். விவாதத்தை முடிக்கும் தீர்மானத்துக்கு 54 பேர்தான் கிடைத்தார்கள். 1979இல் மறுபடி வாக்கெடுப்புக்கு வந்து 51க்கு 48 என்று, மூன்றில் இரு பங்கு எட்டாமல் விழுந்தது. பதின்மூன்று மாநிலங்கள் மறுத்தால் எந்தத் திருத்தமும் நிற்காது. நாடு முழுவதற்கும் ஒரே மறு எண்ணிக்கை விதி, ஒரே காலக்கெடு என்று எழுத முடிந்த ஒரே இடமும் இதுதான். ஆதரிப்பதில் செலவு எதுவும் இல்லை. இதற்காக மற்றதை நிறுத்திவைப்பதில்தான் செலவு.

## உங்கள் மாநிலத்தைப் பொறுத்து

உங்கள் மாநிலத்தில் உறுதிமொழிச் சட்டமே இல்லையென்றாலோ, அபராதத்தோடு நிற்கும் சட்டம் இருந்தாலோ, முதல் கடிதம் அதற்காகவே போகட்டும்: வாக்கு ரத்து, மாற்றுத் தேர்வாளர், இறப்புக்கு விதிவிலக்கு. சட்டப்படி சோதித்துப் பார்த்தது, ஒரு சட்டமன்றம் போதும், இரு கட்சி உறுப்பினர்களிடமும் பேச முடியும். அந்தச் சட்டம் ஏற்கெனவே இருந்தால் உடன்படிக்கையைப் பற்றிப் பேசுங்கள். சேர்ந்துவிட்ட மாநிலமானால் காங்கிரஸ் சம்மதம் கேட்கும் தீர்மானத்தை உங்கள் உறுப்பினரிடம் கேளுங்கள். மின்னசோட்டா இந்த வரிசையில்தான் நடந்தது. 2015இல் தேர்வாளரைக் கட்டியது, 2023இல் உடன்படிக்கையில் சேர்ந்தது.